குடல் பாக்டீரியா லிம்போமாவை உண்டாக்குகிறதா? மரபணு ஆய்வுகளை எப்படி வாசிப்பது

குடலில் வாழும் இன்ன பாக்டீரியா லிம்போமா ஆபத்தைக் கூட்டுகிறது, இன்னது குறைக்கிறது, இது வெறும் தொடர்பல்ல, மரபணு ஆய்வு காட்டிய காரணத் தொடர்பு என்கிற பாணியில் சில ஆண்டுகளாகச் செய்திகள் வருகின்றன. இதைப் படிப்பவர் என்ன நினைத்துக்கொள்வார்? லிம்போமா நோயாளிகளின் மலத்தைச் சோதித்தார்கள், சில கிருமிகள் கூடவோ குறையவோ இருந்தன, அதிலிருந்து முடிவுக்கு வந்தார்கள் என்றுதான் நினைப்பார். இந்த வகை ஆய்வுகளில் அப்படி எதுவும் நடப்பதில்லை. ஒரே ஒரு லிம்போமா நோயாளியின் குடல் பாக்டீரியாவைக்கூட யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். பாக்டீரியா அளக்கப்பட்டவர்கள் ஒரு கூட்டம், லிம்போமா வந்தவர்கள் முற்றிலும் வேறொரு கூட்டம். இரண்டையும் இணைப்பவை டிஎன்ஏவில் உள்ள சில எழுத்து வேறுபாடுகள் மட்டுமே.

கேட்பதற்கு மோசடி போலத் தோன்றினாலும் இது மோசடி அல்ல. சரியான கேள்விக்குப் பயன்படுத்தினால் மிகக் கூர்மையான முறை. ஆனால் குடல் பாக்டீரியா விஷயத்தில் அந்தக் கூர்மை எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது.

லிம்போமா: ஒரு பெயர், பல நோய்கள்

நம் நோய் எதிர்ப்புப் படையின் முக்கியமான அணுக்களில் ஒன்று லிம்போசைட் என்ற வெள்ளணு. இதில் பி, டி, என்கே என்று வகைகள் உண்டு. இந்த அணு கட்டுப்பாடு இழந்து பெருகி நிணநீர்க் கணுக்களிலோ மண்ணீரல், இரைப்பை, குடல் போன்ற இடங்களிலோ கட்டியாகத் திரண்டால் அது லிம்போமா. லண்டனில் தாமஸ் ஹாட்ஜ்கின் 1832இல் விவரித்த வகைக்கு ஹாட்ஜ்கின் லிம்போமா என்று பெயர். மற்றவை எல்லாம் ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமா என்ற ஒரே மூட்டைக்குள் கட்டப்பட்டிருக்கின்றன. அந்த மூட்டைக்குள் வேகமாகப் பரவும் பெரிய பி-அணு லிம்போமாவும் இருக்கிறது, பல ஆண்டுகள் மெல்ல நகரும் ஃபாலிகுலர் லிம்போமாவும் இருக்கிறது. தோன்றும் விதம், மரபணுக் கோளாறு, சிகிச்சை எல்லாமே வகைக்கு வகை வேறு.

பி-அணுக்களிடம் ஆபத்தான ஒரு வழக்கம் உண்டு. புதிய கிருமிக்குப் பொருத்தமான ஆன்டிபாடியைச் செய்வதற்காக அவை தங்கள் டிஎன்ஏவையே வேண்டுமென்றே திருத்திக்கொள்ளும். ஏஐடி என்ற நொதி இந்த வேலையைச் செய்கிறது. அது குறி தவறி எம்ஒய்சி, பிசிஎல்6 போன்ற வளர்ச்சி மரபணுக்களில் கை வைத்துவிட்டால் புற்றுநோய்க்கு முதல் படி விழுந்துவிடும். ஒரு கிருமி நாள்பட்டுத் தூண்டிக்கொண்டே இருந்தால் இந்தத் திருத்த வேலை திரும்பத் திரும்ப நடக்கும், தவறும் வாய்ப்பும் கூடும். உடலிலேயே லிம்போசைட்டுகள் மிக அதிகமாக முகாமிட்டிருக்கும் இடங்களில் ஒன்று குடல் சுவர். அதன் மறுபக்கத்தில் லட்சம் கோடிக் கணக்கில் பாக்டீரியாக்கள். ஆகவே இரண்டுக்கும் தொடர்பு இருக்குமா என்று கேட்பது முழுக்க நியாயம்.

ஒரு கிருமி மீது குற்றம் உறுதியான விதம்

இதற்கு முன்மாதிரி ஏற்கனவே இருக்கிறது. குடலில் அல்ல, இரைப்பையில்.

சளிச்சவ்வோடு சேர்ந்த நிணநீர்த் திசுவில் தோன்றும் லிம்போமாவை மால்ட் லிம்போமா என்பார்கள். 1983இல் பீட்டர் ஐசக்சனும் டென்னிஸ் ரைட்டும் இதைத் தனி வகையாக விவரித்தார்கள். இதில் ஒரு புதிர் இருந்தது: ஆரோக்கியமான இரைப்பையில் அந்த நிணநீர்த் திசு கிடையாது. இல்லாத திசுவில் கட்டி எப்படி வரும்? ஹெலிகோபாக்டர் பைலோரி தொற்றினால் அந்தத் திசுவே அங்கு புதிதாக உருவாகிறது என்பது பிறகு தெரிந்தது. 1991இல் வெளியான ஆய்வில் 110 இரைப்பை மால்ட் லிம்போமா நோயாளிகளில் 92% பேரிடம் இந்தக் கிருமி இருந்தது. 1993இல் அதே குழு அடுத்த படிக்குப் போனது. ஆறு நோயாளிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துக் கிருமியை ஒழித்தார்கள். ஐந்து பேரிடம் லிம்போமா பின்வாங்கியது. 1994இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை ஹெலிகோபாக்டரை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் சேர்த்தது. இன்று தொடக்க நிலை இரைப்பை மால்ட் லிம்போமாவோடு இந்தத் தொற்றும் இருந்தால் முதல் சிகிச்சை கீமோதெரபி அல்ல, ஆன்டிபயாடிக்தான்.

காரணம் என்று ஒன்றை அறிவிக்க எவ்வளவு தேவைப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்: கிருமி அங்கே இருந்தது, அது திசுவை மாற்றும் வழி தெரிந்தது, கிருமியை எடுத்ததும் நோய் விலகியது. இந்த மூன்றாவது படிதான் எல்லோரையும் நம்ப வைத்தது. தற்போதைய மரபணு ஆய்வுகள் பேசுவது இப்படிப்பட்ட ஒரு தொற்றுக் கிருமியைப் பற்றி அல்ல. எல்லோர் குடலிலும் சாதாரணமாகக் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் சற்றுக் கூடுவதையும் குறைவதையும் பற்றி. அங்கே எடுத்துவிட்டுப் பார்ப்பது எளிதல்ல.

நோயாளியின் பாக்டீரியாவை நேரடியாக எண்ணிப் பார்த்தால் என்ன சிக்கல்?

1. நோய் முதலா, பாக்டீரியா மாற்றம் முதலா என்று தெரியாது. லிம்போமா வந்தவருக்குப் பசி குறையும், எடை இறங்கும், காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்திருப்பார்கள். இவை ஒவ்வொன்றும் குடல் பாக்டீரியாவைத் தலைகீழாக்கும்.

2. மூன்றாவது ஆள் ஒருவர் ஒளிந்திருக்கலாம். வயது, உடல் பருமன், எச்ஐவி, உறுப்பு மாற்றுக்குப் பின் எடுக்கும் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகள். இவை பாக்டீரியாவோடும் தொடர்புள்ளவை, லிம்போமாவோடும் தொடர்புள்ளவை.

மரபணுவைச் சாட்சிக்கு அழைக்கும் முறை

இந்தச் சிக்கலிலிருந்து தப்ப ஒரு குறுக்கு வழியை 1986இல் மார்ட்டின் கட்டான் ஒரு சிறு கடிதத்தில் சொன்னார். ரத்தத்தில் கொலஸ்ட்ரால் குறைந்தவர்களுக்குப் புற்றுநோய் அதிகம் என்று அப்போது சில ஆய்வுகள் காட்டின. குறைந்த கொலஸ்ட்ரால் புற்றுநோயைக் கொண்டுவருகிறதா, இன்னும் வெளித்தெரியாத புற்றுநோய் கொலஸ்ட்ராலைக் குறைக்கிறதா? கட்டான் சொன்ன யோசனை இது: கொலஸ்ட்ராலைப் பிறவியிலேயே குறைத்துவைக்கும் மரபணு வடிவம் ஒன்று இருக்கிறது. அந்த வடிவத்தோடு பிறந்தவர்களுக்குப் புற்றுநோய் அதிகமா என்று பாருங்கள். பிறகு வரும் நோய், பிறப்பின்போது கிடைத்த மரபணுவை மாற்ற முடியாதே.

பெற்றோரிடமிருந்து எந்த வடிவம் நமக்கு வருகிறது என்பது ஏறக்குறைய நாணயம் சுண்டுவது போன்றது. மருந்துச் சோதனையில் குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரிப்பதை இங்கே இயற்கையே செய்துவிடுகிறது. இதற்கு மெண்டலிய சமவாய்ப்பு முறை (சுருக்கமாக எம்ஆர்) என்று பெயர். ஜார்ஜ் டேவி ஸ்மித், ஷா இப்ராஹிம் இருவரும் 2003இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இது பரவலானது. கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் மாரடைப்புக்குக் காரணம் என்பதற்கு இந்த முறை வலுச்சேர்த்தது. நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல்லை உயர்த்தும் மரபணு மாறுபாடு மாரடைப்பைக் குறைக்கவில்லை என்று 2012இல் காட்டியதும் இதுதான். எச்டிஎல்லை உயர்த்தும் மருந்துகள் சோதனைகளில் ஏமாற்றியதோடு அது பொருந்திப் போனது.

முறை செல்லுபடியாக மூன்று நிபந்தனைகள் உண்டு:

1. தேர்ந்தெடுத்த மரபணு மாறுபாடு, நாம் ஆராயும் பொருளை (இங்கே பாக்டீரியாவின் அளவை) உண்மையாகவே மாற்ற வேண்டும்.

2. அந்த மாறுபாட்டுக்கும் ஒளிந்திருக்கும் மூன்றாவது காரணிகளுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது.

3. அந்த மாறுபாடு நோயைத் தொடுவதானால் அந்தப் பாக்டீரியா வழியாக மட்டுமே தொட வேண்டும். வேறு பக்கவழி இருக்கக் கூடாது.

கொலஸ்ட்ராலுக்கு இவற்றை ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம். எல்டிஎல் ஏற்பியைச் செய்யும் மரபணு எல்டிஎல் அளவை மாற்றுகிறது என்றால் அதில் அதிசயம் எதுவும் இல்லை.

பாக்டீரியாவின் அளவை நம் மரபணுவா தீர்மானிக்கிறது?

இங்கேதான் முதல் நிபந்தனை தடுமாறத் தொடங்குகிறது. குடல் பாக்டீரியா நம் உடலின் பகுதி அல்ல, வந்து குடியேறியவை. உணவு, மருந்து, யாரோடு வசிக்கிறோம் என்பவையெல்லாம் அவற்றை மாற்றும். 1,046 பேரை ஆராய்ந்து 2018இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, குடல் பாக்டீரியாவை வடிவமைப்பதில் மரபணுவைவிடச் சூழலின் கை மிக ஓங்கியிருக்கிறது என்று காட்டியது.

லிம்போமா ஆய்வுகளில் பெரும்பாலானவை பாக்டீரியாத் தரவுக்கு நம்புவது மிபயோஜென் என்ற கூட்டமைப்பை. 24 ஆய்வுக் குழுக்களைச் சேர்ந்த 18,340 பேரின் மரபணுவையும் மலத்தில் உள்ள பாக்டீரியாவையும் ஒப்பிட்டு 2021இல் முடிவுகளை வெளியிட்டது. ஆராய்ந்த பாக்டீரியாப் பிரிவுகள் 211. மிகக் கடுமையான அளவுகோலை வைத்துப் பார்த்தபோது தாண்டி நின்ற மரபணுப் பகுதி ஒன்றே ஒன்று: லாக்டேஸ் மரபணு, பிஃபிடோபாக்டீரியத்தோடு. சற்றுத் தளர்த்திப் பார்த்தபோது 31 பகுதிகள்.

லாக்டேஸ் கதை புரிந்துகொள்ள எளிது. பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் நொதி சிலருக்கு வளர்ந்த பிறகும் சுரக்கிறது, பலருக்குச் சுரப்பதில்லை. சுரக்காதவர் பால் குடித்தால் லாக்டோஸ் செரிக்காமல் பெருங்குடல் வரை போகும், அங்கே பிஃபிடோபாக்டீரியத்துக்கு விருந்து. மரபணு, வழிமுறை, பாக்டீரியா மூன்றும் பளிச்சென்று பொருந்துகின்றன. மற்ற பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றுக்கு இப்படி ஒரு கதையைச் சொல்ல முடியாது.

கதை இல்லாத இடத்தில் ஆய்வாளர்கள் என்ன செய்கிறார்கள்? வாசலை அகலப்படுத்துகிறார்கள். மரபணு ஆய்வில் ஒரு தொடர்பை ஏற்க வழக்கமான அளவுகோல் கடுமையானது: உண்மையில் தொடர்பே இல்லாதபோது இப்படி ஒரு முடிவு தற்செயலாகக் கிடைக்கும் வாய்ப்பு 2 கோடியில் ஒன்றுக்குக் கீழே இருக்க வேண்டும். அந்த அளவுகோலில் பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு ஒரு மாறுபாடுகூடத் தேறாது. ஆகவே லட்சத்தில் ஒன்று என்று தளர்த்துகிறார்கள். மரபணுத் தொகுதி முழுக்கப் பல லட்சம் இடங்களைத் துழாவும்போது, லட்சத்தில் ஒன்று என்ற வாசல் வழியாகத் தற்செயல்கள் தாராளமாக உள்ளே வரும். ஒரு பாக்டீரியாவுக்குப் பத்துப் பன்னிரண்டு மாறுபாடுகள் கிடைத்தன என்று கட்டுரை சொன்னால், அவற்றில் எத்தனை உண்மையிலேயே அந்தப் பாக்டீரியாவைத் தொடுகின்றன என்பது திறந்த கேள்விதான்.

பாக்டீரியாவை அளக்கும் கருவியும் கரடுமுரடானது. 16எஸ் என்ற ஒரே மரபணுத் துண்டைப் படித்துப் பேரினம் வரை அடையாளம் காண்கிறார்கள். ஒரே பேரினத்தில் சாதுவும் உண்டு, சண்டியரும் உண்டு.

எதிர்ப்பு சக்தியின் இரட்டை வேடம்

மூன்றாவது நிபந்தனைதான் லிம்போமாவுக்கு உண்மையான தலைவலி. ஆய்வுக் கட்டுரைகளில் இதற்குக் கிடைக்கும் இடமோ மிகக் குறைவு.

குடலில் எந்தப் பாக்டீரியா எவ்வளவு வளரலாம் என்பதில் நம் உடலுக்கு இருக்கும் முக்கியமான பிடி எதிர்ப்பு சக்தி. குடல் சுவரில் உள்ள பி-அணுக்கள் தயாரிக்கும் ஐஜிஏ ஆன்டிபாடி, பாக்டீரியாக்களைப் பூசி அடக்கிவைக்கிறது. எனவே குடல் பாக்டீரியாவைப் பாதிக்கும் மரபணு மாறுபாடுகளில் சில, எதிர்ப்பு சக்தி மரபணுக்களாகவே இருக்க வாய்ப்புண்டு. லிம்போமா எங்கே பிறக்கிறது? அதே எதிர்ப்பு சக்தி அணுக்களில். ஒரு மாறுபாடு பி-அணுவின் நடத்தையை மாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதனால் ஒரு பாக்டீரியாவும் குறையும், லிம்போமா வாய்ப்பும் கூடும். கணக்கு என்ன சொல்லும்? பாக்டீரியா குறைந்ததால் லிம்போமா கூடியது என்று சொல்லும். உண்மையில் பாக்டீரியா வெறும் பார்வையாளர். மாரடைப்பையோ எலும்புத் தேய்வையோ ஆராயும்போது இந்த ஆபத்து இவ்வளவு நெருக்கமாக நிற்பதில்லை.

அழகான லாக்டேஸ் உதாரணத்திலும் பக்கவழிகள் உண்டு. அந்த மாறுபாடு ஒருவர் எவ்வளவு பால் குடிக்கிறார் என்பதையும் மாற்றும். ஐரோப்பாவின் வடக்கே மிக அதிகமாகவும் தெற்கே போகப்போகக் குறைவாகவும் நொதி தொடர்ந்து சுரக்கும் வடிவம் காணப்படுகிறது. வட்டாரத்துக்கு வட்டாரம் நோய் விகிதம் வேறுபட்டால், மரபணு அங்கே முகவரிச் சீட்டாக வேலை செய்துவிடும். பாக்டீரியாவோடு தொடர்பு காணப்பட்ட இன்னொரு பகுதி, ரத்த வகையைத் தீர்மானிக்கும் ஏபிஓ மரபணு. அது ரத்தம் உறைவது உட்பட எத்தனையோ விஷயங்களில் தலையிடும் மரபணு.

இதையெல்லாம் பிடிக்கச் சோதனைகள் இல்லையா? உண்டு. எம்ஆர்-எக்கர், எடையிட்ட இடைநிலை, எம்ஆர்-பிரெஸ்ஸோ என்ற பெயர்கள் எல்லாக் கட்டுரைகளிலும் வரும். "பக்கவழிக்கான சான்று எதுவும் கிடைக்கவில்லை" என்ற வரியும் தவறாமல் வரும். கையில் இருப்பவை பலவீனமான சில மாறுபாடுகள் மட்டும் என்றால், பக்கவழி இருந்தாலும் இந்தச் சோதனைகளின் கண்ணில் படாது. மங்கிய விளக்கோடு தேடி, திருடன் இல்லை என்று சொல்வது போல.

பத்து முடிவுகள் இலவசம்

எளிய கணக்கு ஒன்று. 211 பிரிவுகளில் பெயர் தெரியாத 15ஐ நீக்கிவிட்டு 196ஐ ஆராய்வது வழக்கம். ஒவ்வொன்றையும் லிம்போமாவோடு சோதிக்கிறார்கள். 100க்கு 5 என்ற பிழை வாய்ப்பை ஏற்றுக்கொண்டால், எந்தப் பாக்டீரியாவுக்கும் லிம்போமாவோடு துளித் தொடர்பும் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய 10 "தொடர்புகள்" தாமாக முளைக்கும். லிம்போமாவை ஐந்து வகையாகப் பிரித்துச் சோதித்தால் 980 சோதனைகள், 49 போலித் தொடர்புகள்.

இதைத் திருத்த, சோதனைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப அளவுகோலைக் கடுமையாக்கும் பல-சோதனைத் திருத்தம் என்ற முறை இருக்கிறது. அதைப் போட்ட பிறகு முடிவுகள் கரைந்துபோவது இத்துறையில் சாதாரணம். அப்போது அவை "குறிப்பளவுத் தொடர்பு" என்ற மென்மையான பெயரோடு கட்டுரையில் தங்கிவிடுகின்றன. செய்தியாகும்போது அந்த அடைமொழி உதிர்ந்துவிடுகிறது.

இன்னொரு மாயம்: ஒரு பேரினம், அதன் குடும்பம், வரிசை, வகுப்பு எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று அடங்கியவை. அக்கர்மான்சியா என்ற பேரினத்தை எடுத்தால் மனிதக் குடலில் அதன் குடும்பம், வரிசை, வகுப்பு எல்லாமே கிட்டத்தட்ட அது ஒன்றுதான். ஒரே ஆள் நான்கு சட்டை மாற்றி வந்து நிற்பதை நான்கு சாட்சிகள் என்று எண்ணிவிடக் கூடாது.

பொதுவெளியில் இலவசமாகக் கிடைக்கும் தரவு, தயாராக இருக்கும் மென்பொருள். ஒரு பக்கம் மிபயோஜென், மறுபக்கம் பின்லாந்து மக்களின் மரபணுவையும் நோய்ப் பதிவுகளையும் இணைக்கும் ஃபின்ஜென் தரவில் உள்ள ஒரு நோய். நோயின் பெயரை மாற்றினால் புதிய கட்டுரை தயார். இந்த முறையை வளர்த்த டேவி ஸ்மித்தே, 2024இல் வெளியான ஒரு கட்டுரையில் சகாக்களோடு சேர்ந்து இந்த வெள்ளத்தைக் கடுமையாகக் குறைசொன்னார்.

செய்தியைப் பார்த்ததும் கேட்க வேண்டியவை

1. மரபணு மாறுபாடுகளை எந்த வாசலில் தேர்ந்தெடுத்தார்கள்? 2 கோடியில் ஒன்றா, லட்சத்தில் ஒன்றா?

2. பல-சோதனைத் திருத்தத்துக்குப் பிறகும் முடிவு நின்றதா?

3. வேறொரு மக்கள் கூட்டத்தில், வேறு தரவில் அதே பாக்டீரியா அதே திசையில் திரும்பவும் வந்ததா? இது ஒன்று இருந்தால் மற்றக் குறைகளில் பாதியை மன்னிக்கலாம். தரவு பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினருடையது என்பதால், பிற மக்களிடம் சோதித்தார்களா என்பதும் இதில் அடக்கம்.

4. எந்த லிம்போமா? மொத்த மூட்டையா, தனி வகையா? தனி வகை என்றால் நோயாளிகள் எத்தனை பேர்?

5. "ஆபத்து 30% கூடுகிறது" என்றால் எதிலிருந்து எதற்கு? அமெரிக்கப் புள்ளிவிவரப்படி ஒருவர் வாழ்நாளில் ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமா வரும் வாய்ப்பு சுமார் 2%. அது 30% கூடினால் 2.6% ஆகும், 32% ஆகாது. அதுவும் பாக்டீரியா ஒரு குறிப்பிட்ட கணித அலகு கூடினால் என்ற நிபந்தனையோடு. அந்த அலகை உணவாலோ மாத்திரையாலோ எட்ட முடியுமா என்பது அந்த எண்ணில் இல்லை.

அப்படியானால் இவற்றால் பயன் என்ன?

தேடல் பட்டியலைச் சுருக்கலாம். நூற்றுக்கணக்கான பாக்டீரியாக்களில் எதை முதலில் ஆய்வகத்துக்கு எடுத்துச் செல்வது என்று ஒரு துப்புக் கிடைக்கும். பிறகு நோய் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே சேமித்த மல மாதிரிகள், விலங்குச் சோதனைகள், வழிமுறை ஆய்வுகள் வேண்டும். எலிகளில் சில துப்புகள் ஏற்கனவே உண்டு. ஏடிஎம் என்ற மரபணு பழுதான, லிம்போமாவுக்கு ஆளாகும் எலிகளில் குடல் பாக்டீரியா மாறும்போது கட்டி தோன்றும் காலமும் மாறுவதாக 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. குடல் பாக்டீரியா தயாரிக்கும் பியூட்டிரேட் என்ற அமிலம் எதிர்ப்பு அணுக்களை அமைதிப்படுத்துவதும் தெரிந்த விஷயம். எலியிலிருந்து மனிதருக்கு வரும் தூரம் மட்டும் நெடியது.

இந்தச் செய்திகளை நம்பிப் புரோபயாடிக் வாங்குவதற்கு ஆதாரம் இல்லை. சிகிச்சையில் இருக்கும் லிம்போமா நோயாளி மருத்துவரிடம் கேட்காமல் எடுப்பது ஆபத்தாகவும் முடியலாம். வெள்ளணு மிகக் குறைந்த உடலில் மாத்திரையிலுள்ள உயிர்ப் பாக்டீரியா ரத்தத்தில் கலந்து தொற்றாவது அரிது என்றாலும் நடந்திருக்கிறது.

பாக்டீரியாவுக்கும் லிம்போமா நோயாளிக்கும் உள்ள உறவில் இன்று கூடுதல் தரவு இருப்பது நோய் வருவதைப் பற்றி அல்ல, சிகிச்சையைப் பற்றி. எலும்பு மஜ்ஜை மாற்றுப் பெற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மல மாதிரிகளைப் பல மருத்துவமனைகளில் ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வில், குடல் பாக்டீரியா வகைகள் வறண்டுபோனவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது. நோயாளியின் டி-அணுக்களையே மாற்றியமைத்து லிம்போமாவைத் தாக்க அனுப்பும் கார்-டி சிகிச்சையில், சிகிச்சைக்கு முந்தைய நான்கு வாரங்களில் சில வலுவான ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்குப் பலன் குறைந்தது என்று 2022இல் இன்னொரு ஆய்வு சொன்னது. மருந்து பாக்டீரியாவை அழித்ததால் அப்படி ஆனதா, அல்லது உடல்நிலை ஏற்கனவே மோசமாக இருந்தவர்களுக்குத்தான் அந்த மருந்து தேவைப்பட்டதா? முதலில் பார்த்த அதே மூன்றாவது ஆள் இங்கேயும் நிற்கிறார். யாருக்கு எப்போது ஆன்டிபயாடிக் எழுதப்படும் என்பது எந்த மரபணுவிலும் பதிந்திருப்பதில்லை என்பதால் மெண்டலிய முறை இங்கே கைகொடுக்காது. எந்த ஆன்டிபயாடிக்கைத் தேர்ந்தெடுப்பது என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்யும் சோதனைகள்தான் இதற்கு விடை சொல்ல முடியும்.